ஏழாம் நம்பர் கோட்டு

கூச்சல் போடுவதற்குக் கூலி கொடுக்கிற இடம் எங்கேயாவது உண்டா என்று கேட்டால், உண்டு. அந்த ஊரில் உண்டு. வருஷத்துக்கு நான்கு தடவை, தடவைக்கு ஒரு வாரம், ஊர்ச் சனம் நாற்பது பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தொண்டை கிழியக் கத்திவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த நாற்பது பேரில் கெட்டிக்காரி நம்முடைய ஏழாம் நம்பர்.

ஊரை ஒட்டி ராணுவத்தின் சரக்குப் படைப் பயிற்சி முகாம் இருக்கிறது. ராணுவம் என்றதும் பீரங்கி, துப்பாக்கி என்று கற்பனையை அவிழ்த்துவிட வேண்டாம். இது மூட்டை தூக்கும் ராணுவம். எந்த லாரியில் எத்தனை பெட்டி, எந்தப் பெட்டி மேலே, எந்தப் பெட்டி அடியில், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், இதுதான் அங்கே படிப்பு. சண்டை போடுகிறவனுக்குச் சோறும் செருப்பும் மருந்தும் போய்ச் சேர்வது இவர்களால்தான். ஆனால் இவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவர்களுக்கும் உண்டு. அதனாலேயோ என்னவோ, நேரம் என்றால் அவர்களுக்கு உயிர். வாசலுக்கு வாசல் பெரிய கடிகாரம் மாட்டியிருப்பார்கள். உள்ளே நுழைகிற வண்டிக்கு ஒரு சீட்டு, அதில் நிமிஷக் கணக்காக ஒரு முத்திரை. வெளியே போகும்போது அதே சீட்டில் இன்னொரு முத்திரை.

வெள்ளமோ பஞ்சமோ வந்து, நிவாரண லாரியைப் பசித்த கூட்டம் மறித்தால் என்ன செய்வது என்பதும் ஒரு பாடம். கூட்டத்துக்கு எங்கே போவது? ஊருக்குள் வந்து ஆள் பிடித்தார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சு நிறக் கோட்டு, கை இல்லாதது, முதுகிலும் மார்பிலும் பெரிய நம்பர். மூன்றாம் நம்பர் ஊரில் முடிவெட்டுகிறவர். அவருக்கு எப்போதும் அடிபட்ட ஆள் வேஷம்தான், ஏனென்றால் படுத்த இரண்டாவது நிமிஷம் நிஜமாகவே தூங்கிவிடுவார். ஏழாம் நம்பருக்குப் பால் பவுடர் கேட்டு வரிசையை உடைக்கிற பெண் வேஷம். பழைய துண்டுகளைச் சுருட்டிக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பிடிக்கிற ராட்சச அழுகையில், ஆறடி உயரச் சிப்பாய் எல்லாம் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்பான்.

"உனக்கு ஆத்தா இருக்காளாடா? இந்தப் புள்ள செத்தா அவ மூஞ்சில எப்படி முழிப்ப?" என்று அவள் கேட்ட கேள்விக்கு, ஒரு பயிற்சிச் சிப்பாய் பெட்டியை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டுத் தேம்பினான். அவனுக்கு அன்றைக்கு மார்க் பூஜ்யம்.

பயிற்சியை நடத்துகிறவரை ஊரில் அட்டை சார் என்பார்கள். காகிதம் செருகிய அட்டை ஒன்று அவர் கையிலேயே முளைத்தது போல இருக்கும். மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்தில் கூட்டத்துக்கு நிழல் இருக்கிறதா, தண்ணீர் போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் தான் உட்காருவார். ஆனால் அந்த அட்டையில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நினைக்கிற மனிதர்.

ஏழாம் நம்பரின் புருஷனுக்கு முகாமின் கிழக்கு வாசலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பஞ்சர் கடை. முகாம் லாரிகளும் அங்கேதான் வரும். சாதுவான மனிதர். பேச்சு குறைவு. இவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இன்றைக்கு எவனை எப்படி அழவைத்தேன் என்று நடித்துக் காட்டினால், கையில் கிரீஸோடு உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பார். கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தைதான். "பாவம்டி அந்தப் பசங்க."

இனி ஒரு மூன்று வார்த்தை விஷயத்துக்கு வருவோம். மூன்று என்ன மூன்று, ஒரே வார்த்தையை மூன்று தடவை.

பயிற்சியில் யாருக்காவது நிஜமாகவே அடிபட்டுவிட்டால் என்ன செய்வது? கத்தினால் அதுவும் நடிப்பு என்று நினைப்பார்களே. அதற்காக ஒரு ஏற்பாடு. "நிஜம், நிஜம், நிஜம்" என்று மூன்று தடவை சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாம் நிற்க வேண்டும். அது விளையாட்டுக்குக் கூடச் சொல்லக்கூடாத வார்த்தை என்று முதல் நாளே சொல்லி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவார்கள்.

அந்த வருஷம் வந்த அணி கொஞ்சம் இளகிய மனசு. எவனைப் பார்த்தாலும் இரக்கம். அட்டை சாருக்குத் தாங்கவில்லை. பரீட்சை வாரத்தில் செவ்வாய்க்கிழமை, ஏழாம் நம்பரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு வாசல்கிட்ட நம்ம மூணாம் நம்பரை அடிபட்ட ஆளா படுக்க வெச்சு, கதவைத் திறக்கச் சொல்லி அழு. திறக்கலேன்னா அந்த வார்த்தையைச் சொல்லு."

"எந்த வார்த்தை சார்?"

"அதாம்மா, மூணு தடவை சொல்றது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அதைப் பொய்யாச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சார் கையெழுத்து வாங்கினீங்க?"

"எதிரி மட்டும் நம்மகிட்ட கையெழுத்துப் போட்டுட்டா வருவான்? இவனுங்க வார்த்தையை நம்பாம விதியை நம்பணும். அதுதான் பாடம். நீ சொல்லு, நான் பாத்துக்கறேன்."

சொன்னாள். உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது, ஆனால் சொன்னாள். முடிவெட்டுகிறவரின் தொடையில் சிவப்புச் சாயத்தைச் சர்க்கரைப் பாகில் குழைத்து அவளே பூசிவிட்டிருந்தாள். மூன்றாவது "நிஜம்" வாயை விட்டு வருவதற்குள் கதவு திறந்தது. திறந்த கதவு வழியாக அட்டை சார் ஒளித்து வைத்திருந்த பன்னிரண்டு பேர் உள்ளே ஓடி, வாசல் பறிபோய்விட்டது என்று அறிவித்தார்கள். அணி முழுக்கத் தோல்வி. வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். கதவைத் திறந்தவன் ஒரு காது நீண்ட பையன், இருபது வயசிருக்கும். ஓடிக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு தன் வாயிலேயே அடித்துக்கொண்டது வேறு கதை.

அன்றைக்கும் வீட்டில் நடித்துக் காட்டினாள். புருஷன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவளுக்கு மதியம்தான் வேலை. பத்தரை மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு, புருஷனுக்குச் சாப்பாட்டைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நடந்தாள். தெருமுனை திரும்பும்போது சத்தம். டயர் வெடிக்கிற சத்தம் அவளுக்குப் புதிதில்லை, அதனால் நடையைக் கூட எட்டிப் போடவில்லை. அப்புறம்தான் கடையிலிருந்து ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே ஓடிவருவதைப் பார்த்தாள்.

லாரிச் சக்கரத்தில் டயரைப் பிடித்து வைக்கிற இரும்பு வளையம் ஒன்று உண்டு. ரிங் என்பார்கள். சரியாக உட்காராத ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் அதற்குக் கண்ணு மண்ணு தெரியாது. அவருடைய வலது தொடையைக் கிழித்துவிட்டுச் சுவரில் போய் இடித்திருந்தது. மனிதர் நினைவோடுதான் இருந்தார். ட்யூப் துண்டு ஒன்றை எடுத்துத் தொடையின் மேல்பக்கம் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "பெரிசா ஒண்ணுமில்லடி, பயப்படாத" என்றார். தரையெல்லாம் ரத்தம்.

கொழுந்தன் தண்ணீர் கேன் போடுகிற சின்ன வேன் வைத்திருக்கிறான். கேன்களை நடுத்தெருவில் உருட்டிவிட்டு அண்ணனைத் தூக்கிப் போட்டான். ஆஸ்பத்திரி முகாமுக்கு அந்தப் பக்கம், மேற்கு வாசலுக்கு நேர் எதிரே. ஒரு காலத்தில் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நேர்ச் சாலை இருந்தது. முகாம் வந்தபோது சாலையை விழுங்கிவிட்டது. கம்பி வேலியைச் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம், அதுவும் குண்டும் குழியுமான பாதை. ஆனால் கிழக்கு வாசலில் வெள்ளை எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள்: அவசர நேரத்தில் பொதுமக்களுக்கு வழி விடப்படும். பலகைக்குப் பெயிண்ட் மட்டும் வருஷா வருஷம் புதுசு.

"வாசலுக்கு விடு!" என்றாள்.

வாசலில் நின்றது அதே அணி. அதே காது நீண்ட பையன்.

அவள் வேனிலிருந்து குதித்து ஓடினாள். ஆரஞ்சுக் கோட்டில், மார்பில் ஏழு, முதுகில் ஏழு, கையெல்லாம் சிவப்பு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

"கதவத் திறங்கப்பா! என் வீட்டுக்காரருக்கு அடிபட்டிருச்சு, ரத்தம் நிக்கல, திறங்க!"

பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இன்னொருவன் சிரிப்பை அடக்கினான்.

"டேய், சத்தியமாடா! வந்து பாருடா!"

பையன் கம்பி இடைவெளியில் கையை விட்டு, அவள் கையிலிருந்த ரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். "இந்த தடவை கலர் நல்லா வந்திருக்கு அக்கா" என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே பாராட்டினான்.

அவள் சொன்னாள். கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு சொன்னாள். "நிஜம்! நிஜம்! நிஜம்! நிஜம்டா, நிஜம், நிஜம்!" எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. சொல்லச் சொல்ல அந்த முகங்கள் இன்னும் இறுகின. உனக்கு ஆத்தா இருக்காளாடா என்று கூடக் கேட்டாள். அதையும் அவர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். தன் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் செவ்வாய்க்கிழமை சொன்னதாகவே இருந்தது.

கொழுந்தனும் இறங்கி வந்து கும்பிட்டான், திட்டினான். பையன் கொஞ்சம் ஆடிப்போய் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். "சார், ஏழாம் நம்பர் வந்திருக்காங்க. ரத்தம், வேன் எல்லாம் இருக்கு. அந்த வார்த்தையைச் சொல்றாங்க."

அட்டை சாரின் குரல் கரகரவென்று வெளியே கேட்டது. "மத்தியானம் வரவேண்டியவ முன்னாடியே வந்துட்டாளா? அவ பெரிய கைகாரி. திறக்காதே. சபாஷ்."

இருபத்திரண்டு நிமிஷம். வாசல் கடிகாரம் அவள் தலைக்கு மேலேதான் இருந்தது. பிறகு கொழுந்தன் அவளை இழுத்து வண்டியில் போட்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு விட்டான். குழியில் வண்டி குதித்த குதியில் ட்யூப் கட்டு நழுவியது. அவள் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தாள். பாதி வழியில் அவர் அவள் கோட்டைப் பார்த்து, "இதைக் கழட்டலையா?" என்று கேட்டார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பார்மா" என்றார்.

வீட்டில் சாவு விழுந்தால் அழ வேண்டும். அதுகூட அவளால் முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு குரல் எடுத்தாள். அவ்வளவுதான், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முகாம் மைதானத்தில் வேடிக்கை பார்க்கிற அதே பார்வை. அவள் காதுக்கும் அது ஏழாம் நம்பரின் குரலாகவே கேட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மூடியவள் மூடியவள்தான். புருஷன் போனதுக்குக் கூட ஒரு சொட்டு வரலையே, கல்நெஞ்சுக்காரி என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. ஊர் வாயை யார் மூடுவது?

விசாரணை நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் இவள். கேட்டதையே கேட்டார்கள். பயிற்சி நேரம் இல்லாதபோது ஏன் கோட்டுப் போட்டிருந்தாய்? அந்த வார்த்தையை முன்பு பொய்யாகச் சொன்னதுண்டா? உண்டு என்றாள். சொல்லச் சொன்னது யார் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. அவளாகச் சொன்னபோது எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தைக் கொழுந்தன் படித்துக் காட்டினான். சம்பந்தப்பட்ட பெண் பயிற்சி அடையாள உடையில் இருந்ததே குழப்பத்துக்குக் காரணம். மேலும், முகாமின் உட்சாலையின் நீளத்தையும் அதிலுள்ள மூன்று சோதனைச் சாவடிகளையும் கருத்தில் கொண்டால், வாசல் உடனே திறக்கப்பட்டிருந்தாலும் மறுபக்கம் போய்ச் சேர நாற்பது நிமிடங்களுக்குக் குறையாது. எனவே வாசல் திறக்கப்படாததற்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை.

"எவ்வளவு நேரம்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"நாப்பது நிமிஷம், அண்ணி."

அந்த நாற்பது அவளை அரித்துத் தின்றது. பாத்திரம் தேய்த்தாலும் அதுதான், படுத்தாலும் அதுதான். நாற்பது என்றால் தன் மேல் பழியில்லை. கோட்டைக் கழற்றியிருந்தாலும், செவ்வாய்க்கிழமை அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தாலும், அவர் போயிருப்பார்தான். அதை நம்பிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் எழுதினவர்கள் அவர்கள் ஆயிற்றே. ஊரில் பெரியவர்களைக் கேட்டாள். பழைய சாலை பத்து நிமிஷம் என்றார்கள், இப்போது உள்ளே என்னென்ன கட்டியிருக்கிறார்களோ, யார் கண்டது என்றார்கள். கூட்டத்துக்குப் போகிறவர்கள் வாசலை ஒட்டின மைதானத்தைத் தாண்டினதில்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும் என்று நினைத்தாள். எவன் விடுவான்?

அப்போதுதான் அட்டை சார் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. மேலேர்ந்து உத்தரவு. நடந்ததை ஒரு பாடமா சேர்த்திருக்காங்க. வாசலுக்கு நிஜமான அவசரம் வந்தா ஒரு நிமிஷத்துல திறக்கணும். அதுக்குப் பயிற்சி."

"நல்லதுதானே சார்."

"அதுல வர்ற பொண்ணு வேஷம்..." அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்ன மாதிரி வேற யாரும் செய்ய மாட்டாங்க."

உள்ளேயிருந்த கொழுந்தன் கேட்டுவிட்டான். "யோவ், உனக்கு வெக்கமா இல்ல? எங்க அண்ணன் செத்ததை எங்க அண்ணியையே நடிக்கச் சொல்றியா? வெளிய போய்யா!"

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "சார், கதவைத் திறந்து வண்டிய உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்க. சீட்டுல நேரம் குத்தி, தடுப்பைத் தூக்கி விட்டுருவாங்க. வண்டி உள்ள வந்ததும் முடிஞ்சுது. இறங்கிடலாம்."

"நிஜமாவே சீட்டுக் குடுப்பாங்களா?"

"எல்லாம் முறைப்படிதான்."

"சரி, வரேன். வண்டி மட்டும் எங்க வேன்தான். கொழுந்தன்தான் ஓட்டுவான்."

அட்டை சார் ஆளை விட்டால் போதும் என்று எழுதிக்கொண்டு போனார். கொழுந்தன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "மானம் ரோஷம் எல்லாம் போயிருச்சா அண்ணி?"

"அந்த ரோடு எவ்வளவு நேரம்னு பாக்கணும்டா" என்றாள் அவள். "நாப்பதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அவங்க இறங்குன்னு சொல்லுவாங்க. நீ நிறுத்தாத."

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

புதன்கிழமை காலை. வேனில் முடிவெட்டுகிறவர் தொடையில் சிவப்புச் சாயத்தோடு படுத்திருந்தார். சாயம் பூசச் சொன்னபோது அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவரே பூசிக்கொண்டார். கோட்டு மட்டும் போட்டிருந்தாள். அதே ஏழு. பயிற்சி என்றால் கோட்டு கட்டாயம்.

வாசலில் புது அணி. அழகாக இஸ்திரி போட்ட பையன்கள். அவள் இறங்கிப் போய்க் கம்பி முன்னால் நின்றாள். அழவில்லை. கத்தவில்லை. "என் வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள், கடையில் உப்புக் கேட்கிற மாதிரி. முடிந்துபோயிற்று. ஒருவன் ஓடிவந்து வேனுக்குள் பார்த்தான், ஒருவன் தடுப்பைத் தூக்கினான், இன்னொருவன் சீட்டைக் கிழித்து முத்திரை குத்தி அவள் கையில் திணித்தான். "சீக்கிரம் போங்கம்மா!" என்றுகூடச் சொன்னான். நாற்பது விநாடி ஆகியிருக்காது. இவ்வளவுதானா? இதைச் செய்யவா உங்களுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

சீட்டில் பத்து மணி நாற்பத்திரண்டு.

உள்ளே சாலையோரம் அட்டை சார் கையை உயர்த்தி நின்றார். "நல்லது, நல்லது! அவ்வளவுதான், நிறுத்துங்க!"

"போடா" என்றாள். கொழுந்தன் மிதித்தான்.

சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கற்கள். கிடங்குகள், அடுக்கின பெட்டிகள், டயர் மலை. முதல் சோதனைச் சாவடி வந்தது. தகரக் கொட்டகை, தூக்கியபடியே துருப்பிடித்துப் போன தடுப்புக் கம்பி, உள்ளே ஆள் இல்லை. இரண்டாவதில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் துடைப்பங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

முடிவெட்டுகிறவர் குலுக்கலில் விழித்துக்கொண்டார். வெளியே ஓடுகிற கிடங்குகளைப் பார்த்துப் பதறி எழுந்தார். "அம்மா, பயிற்சி முடிஞ்சிருச்சும்மா! எங்க போறோம்? சுட்டுரப் போறானுங்க!"

"படுங்க அண்ணே" என்றாள். "நீங்க இன்னும் சாகல."

அவர் மறுபேச்சுப் பேசாமல் படுத்துக்கொண்டார்.

மேற்கு வாசல். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவர் தெரிந்தது. காவலுக்கு நின்றவன் கையை நீட்டிச் சீட்டைக் கேட்டான். நீண்ட காது. பயிற்சி முடிந்தவனை இங்கேயே காவலுக்குப் போட்டிருந்தார்கள். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். பின்னால் படுத்திருந்தவரின் தொடையைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"அக்கா... இது பயிற்சியா, நிஜமா?"

"இதை அன்னிக்குக் கேட்டிருக்கலாமே தம்பி" என்றாள். "குத்து."

அவன் கடிகாரத்தைப் பார்த்து முத்திரையைத் திருப்பினான். குத்தினான். விதிப்படி அந்தச் சீட்டை அவன் வாங்கிப் பெட்டியில் போட வேண்டும். போடவில்லை. அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, தடுப்பைத் தூக்கிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

பத்து மணி ஐம்பத்தொன்று.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. அதே சிமெண்ட் சரிவு. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு ஆள் தள்ளுவண்டியோடு ஓடிவந்தான். முடிவெட்டுகிறவர் கூச்சத்தோடு எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று சாயத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த ஆள் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போனான்.

மோட்டார் பைக் வந்து நின்றது. அட்டை சார். தலையில் தொப்பி இல்லை, மூச்சு வாங்கியது. "என்ன காரியம்மா பண்ணிட்ட? என் வேலை போயிரும்! அந்தச் சீட்டைக் குடு!"

அவள் சீட்டை விடாமல், அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். இரண்டு முத்திரையையும் பார்த்தார். இருபது வருஷமாக நேரம் பார்த்துப் பழகின கண்; மனசு யோசிப்பதற்கு முன்னால் வாய் திறந்துவிட்டது.

"ஒன்பது நிமிஷம். நல்ல டைம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நீட்டின கையை இறக்கினார்.

அவள் சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபத்திரண்டு நிமிஷம் வாசலில் நின்ற பிறகாவது திறந்திருந்தால் கூட, டாக்டரம்மா சொன்ன அந்த அரை மணி நேரம் கையில் இருந்திருக்கும். இனி அவளுக்குத் தூக்கம் இல்லை. தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆரஞ்சுக் கோட்டைத் தலை வழியாகக் கழற்றி, அட்டை சாரின் பைக் மேல் போட்டாள்.

"எந்த வழியா அண்ணி போறது?" என்று கொழுந்தன் கேட்டான்.

"சுத்து வழியாவே போ" என்றாள்.

வேலியோரம் முதல் குழியில் வண்டி குதித்தபோது, யாரும் இல்லாத அந்த இடத்தில், அவள் இரண்டு கையையும் அன்றைக்கு அழுத்தின மாதிரியே மடியில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அது ஏழாம் நம்பரின் அழுகை மாதிரி இல்லை. சத்தமே வரவில்லை. வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.